பல்கலைக்கழக நூலகத்தில் மின்னூல்கள்: தேர்வு முதல் புதுப்பிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், அரசு நடத்தும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களைத் தனியே சந்தா கட்டாமல் படிக்க வழி ஏற்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்ட இத்திட்டம் ஆய்விதழ்களுக்கானது. புத்தகங்களை அந்தந்த நூலகமே தன் நிதியிலிருந்து வாங்க வேண்டும். இதழ்ச் சந்தாவில் ஓரளவு தொகை மிச்சமாகும் நூலகத்தை நோக்கி மின்னூல் பேக்கேஜ்களின் விலைப்பட்டியலோடு விற்பனைப் பிரதிநிதிகள் வருவது இயல்பே.

அந்தப் பட்டியலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தலைப்புகளின் எண்ணிக்கை. மின்னூல் தேர்வில் மிகக் குறைந்த பயனுள்ள எண் அதுதான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. விடுதியில் இருக்கும் ஒரு மாணவி தனக்குத் தேவையான அத்தியாயத்தை இரவில் தன் கைபேசியில் திறக்க முடிகிறதா, அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, ஒப்பந்தத்தின் வாசகங்களிலும் நூலகம் செய்யும் அணுகல் ஏற்பாட்டிலுமே இருக்கிறது. கீழே வரும் படிகள் தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றையும் அதன் இணைவுக் கல்லூரிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனியார் பல்கலைக்கழகங்களுக்குக் கொள்முதல் பகுதி மட்டும் சற்று வேறுபடும்.

படி 1: கையில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுத்தல்

பணம் கொடுத்து வாங்கும் முன், செலவின்றியோ குறைந்த செலவிலோ கிடைப்பவற்றின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் மின்னூல்களும் உண்டு. உங்கள் இணைவுக் கல்லூரிகளில் எவை உறுப்பினர்கள் என்பதை விசாரித்து, நடப்பாண்டுக்குரிய தலைப்புப் பட்டியலை அத்திட்டத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். காரக்பூர் ஐஐடி உருவாக்கி 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய மின்னூலகம், திறந்த அணுகல் நூல்களுக்காக, அதாவது யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய நூல்களுக்காக, 2012இல் தொடங்கப்பட்ட டிஓஏபி அடைவு ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டால், விற்பனைக்கு வரும் பேக்கேஜ்களில் எத்தனை தலைப்புகள் பொதுவெளியிலேயே இருக்கின்றன என்பது தெரியவரும். பெரிய பேக்கேஜ்கள் சிலவற்றில் திறந்த அணுகல் நூல்களும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக இடம்பெறுவதுண்டு.

தமிழ்த் துறைக்கான கணக்கெடுப்பு தனியானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஆகியவை சேர்ந்து, எந்த வணிகத் தளமும் தராத அளவுக்குத் தமிழ் நூல்களைத் தருகின்றன. இவற்றைப் பயன்படுத்தும்போது, தேடக்கூடிய எழுத்துருவில் இருப்பது எது, பக்கங்களின் படமாக மட்டும் இருப்பது எது என்று பிரித்துக் குறித்துவைப்பது நல்லது. ஒரு சொல்லைத் தேடி வரும் ஆய்வாளருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

படி 2: பாடத்திட்டத்திலிருந்து தேவையை வகுத்தல்

பதிப்பகத்தின் பட்டியலைத் துறைத் தலைவர்களுக்கு அனுப்பி "எவை வேண்டும்?" என்று கேட்பது வழக்கமாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே வராது. வந்தால் "எல்லாம் வேண்டும்" என்று வரும். எதிர்த்திசையிலிருந்து தொடங்குவதே சரி. பாடத்திட்டக் குழுக்கள் ஏற்றுக்கொண்ட பாட நூல், பார்வை நூல் பட்டியல்களைத் திரட்டி, ஒரே விரிதாளில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பாடக் குறியீடு, அப்பாடத்தைப் படிக்கும் மாணவர் எண்ணிக்கை, நூலகத்திலுள்ள அச்சுப் படிகள், அச்சுப் பதிப்பின் ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), மின்பதிப்பின் ஐஎஸ்பிஎன் ஆகியவற்றை நிரப்புங்கள். அச்சுக்கும் மின்பதிப்புக்கும் ஐஎஸ்பிஎன் வெவ்வேறு என்பதால், ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இருக்கிற நூலும் இல்லாததாகத் தோன்றும். முன்பதிவு அதிகமாகும் அச்சு நூல்களின் பட்டியலை நூல் இரவல் பதிவுகளிலிருந்து எடுத்து, அதையும் இதே விரிதாளில் சேர்க்கலாம்.

விரிதாளை நிரப்பும்போதே ஒரு கசப்பான உண்மை தென்படும். இளநிலை மாணவர்கள் அதிகம் தேடும் பாட நூல்களில் பலவற்றுக்கு நூலக உரிமத்துடன் கூடிய மின்பதிப்பே விற்பனையில் இருக்காது. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே வாங்கும் சந்தையை இழக்கப் பதிப்பகங்கள் விரும்புவதில்லை. தமிழ்ப் பதிப்பகங்களின் மின்னூல்களும் பெரும்பாலும் கிண்டில் போன்ற தளங்களில் தனிவாசகர்களுக்கே விற்கப்படுகின்றன. நூலகத்தின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி அவற்றை வாங்கி மாணவர்களுக்குக் கொடுக்கலாமே என்ற யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவரிடமிருந்து வரும். தனிநபர் பயன்பாட்டுக்கான விற்பனை விதிமுறைகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இத்தகைய நூல்களுக்கு அச்சுப் படிகளைக் கூட்டுவதே வழி. மின்னூல் திட்டத்தின் முதல் ஆண்டில் அச்சு நூல் நிதியைக் குறைத்துவிடும் நூலகங்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

படி 3: வாங்கும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

வாங்கும் முறைகள் நான்கு வகைப்படும். ஆண்டுச் சந்தாவில் பேக்கேஜ் முழுவதும் திறக்கும். சந்தா நின்றால் எல்லாம் மூடப்படும். நிரந்தரக் கொள்முதலில் தலைப்புவாரியாகவோ பாடத் தொகுப்பாகவோ ஒருமுறை பணம் கட்டி வாங்குகிறோம். வாசகர் தூண்டும் கொள்முதலில் நூற்பட்டியலில் பதிவுகள் மட்டும் ஏற்றப்பட்டிருக்கும்; வாசகர் சில நிமிடங்கள் படித்தாலோ, சில பக்கங்களைத் தாண்டினாலோ, அச்சிட்டாலோ அந்தத் தலைப்பு நூலகக் கணக்கில் வாங்கப்பட்டுவிடும். நான்காவது, சான்று வழிக் கொள்முதல்: ஒரு தொகையை முன்பே கட்டி, ஓராண்டுக்குப் பெரிய தொகுப்பு ஒன்றைத் திறந்துவைத்து, ஆண்டு முடிவில் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்து, கட்டிய தொகைக்கு ஈடான தலைப்புகளை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் முறை.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வாசகர் தூண்டும் கொள்முதல் ஒத்துவருவது அரிது என்பதே என் கருத்து. எந்த நூலுக்கு, எந்த நாளில், எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒரு செலவினத்துக்கு நிதி அலுவலரிடம் ஒப்புதல் பெறுவது கடினம்; பெற்றாலும் தணிக்கையில் ஒவ்வொரு தலைப்புக்கும் விளக்கம் எழுத வேண்டிவரும். சான்று வழிக் கொள்முதலில் தொகை முன்பே நிலையாகிவிடுவதால் கோப்பு நகர்கிறது. தேர்வும் ஊகத்தின்மேல் நடப்பதில்லை.

அடுத்த முடிவு, பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதா, பல பதிப்பகங்களின் நூல்களை ஒரே இடத்தில் தரும் தொகுப்புத் தளத்தில் வாங்குவதா என்பது. ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்கள் தம் சொந்தத் தளத்தில் நூல்களைப் பாடத்துறை, பதிப்பாண்டு வாரியான தொகுப்புகளாக விற்கின்றன. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம், அத்தியாயங்களைப் பூட்டில்லாத பிடிஎஃப் கோப்புகளாக எடுத்துக்கொள்ளலாம். தொகுப்புத் தளங்களில் தேர்வுக்கான பரப்பு அகலம். ஆனால் பல தலைப்புகள் ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது மூவர் என்ற வரம்போடு வரும், பதிவிறக்கிய கோப்பு சில நாட்களில் காலாவதியாகும், அச்சிடும் பக்கங்களுக்கும் அளவு உண்டு. அறுபது மாணவர்கள் ஒரே வாரத்தில் ஒப்படைப்பு எழுதும் பாடத்துக்கு ஒருவர் மட்டும் படிக்கக்கூடிய மின்னூலை வாங்குவது, ஓர் அச்சுப் படி வாங்குவதைவிட எவ்வகையிலும் மேலானதன்று. விலையோ பெரும்பாலும் கூடுதல்.

தொகுப்புத் தளங்களின் வரலாற்றையும் நூலகர் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய நெட்லைப்ரரி என்ற மின்னூல் தளம், 2002இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பிடமும் 2010இல் எப்ஸ்கோ நிறுவனத்திடமும் கைமாறியது. ஈப்ரரி என்ற தளத்தை 2011இலும் ஈபிஎல் என்ற தளத்தை 2013இலும் வாங்கிய புரோக்வெஸ்ட் நிறுவனம், இரண்டையும் இணைத்து 'ஈபுக் சென்ட்ரல்' தளத்தை உருவாக்கியது. 2021 டிசம்பரில் புரோக்வெஸ்ட்டையே கிளாரிவேட் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2025 பிப்ரவரியில், அச்சு நூல்களையும் மின்னூல்களையும் ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் முறையை நிறுத்தப்போவதாகக் கிளாரிவேட் அறிவித்தது. பல நாட்டு நூலகர்களின் எதிர்ப்புக்குப் பின் காலக்கெடு 2026 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. சந்தாப் பேக்கேஜ்களின் நிலையின்மைக்கு 2022 ஒரு சான்று: புதிய கல்வியாண்டு தொடங்கும் தறுவாயில் வைலி பதிப்பகம் 1,300க்கும் மேற்பட்ட தன் நூல்களைப் புரோக்வெஸ்ட்டின் சந்தாத் தொகுப்பிலிருந்து எடுத்தது, பாடங்களுக்கு அவற்றை நம்பியிருந்த நூலகங்கள் எழுப்பிய எதிர்ப்பினால் சில மாதங்களுக்கு அவற்றைத் திரும்பத் தந்தது.

இவற்றிலிருந்து நான் வகுத்துக்கொள்ளும் விதி எளியது. பாடத்திட்டத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட நூல்களைச் சந்தாப் பேக்கேஜில் நம்பி விட்டுவைக்கக் கூடாது. அவற்றை இயன்றவரை பதிப்பகத்தின் தளத்திலேயே, பயனர் வரம்பின்றி, நிரந்தரமாக வாங்க வேண்டும். பரந்த வாசிப்புக்கும் ஆய்வின் தொடக்கநிலைத் தேடலுக்கும் சந்தா போதும்.

படி 4: ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தல்

விற்பனைப் பிரதிநிதி விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டால் "அது ஸ்டாண்டர்டு ஃபார்மட் சார்" என்பார். அந்த வரைவை விலைப்பேச்சுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அனுமதிக்கப்பட்ட பயனர்கள் யார் என்ற பிரிவு. முழுநேர மாணவர்களும் பணியாளர்களும் மட்டும் என்று அதில் இருந்தால், தொலைநிலைக் கல்வி மாணவர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், பகுதிநேர ஆய்வாளர்கள் ஆகியோர் வெளியே நிற்பார்கள். அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களைப் போலத் தொலைநிலைக் கல்வியில் நெடுங்கால மரபுள்ள நிறுவனங்களுக்கு இது சிறிய விஷயமன்று. விலை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், தொலைநிலை மாணவர்களைச் சேர்த்தால் விலை ஏறும், விட்டுவிட்டால் அவர்களுக்கு நூல் கிடைக்காது. எந்தத் துறைகளில் அவர்கள் உண்மையில் இருக்கிறார்களோ அந்தத் தொகுப்புகளுக்கு மட்டும் அவர்களைக் கணக்கில் சேர்க்கும்படி பேரம் பேசலாம். இணைவுக் கல்லூரிகள் பெரும்பாலும் தனி நிறுவனங்களாகவே கருதப்படும். பல்கலைக்கழகத்தின் உரிமம் அவற்றுக்கும் பொருந்தும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டால் அதை எழுத்தில் பெறுங்கள்.

நிரந்தரக் கொள்முதல் என்றால், அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுக்கும் விதிகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தளக் கட்டணம் கட்டினால்தான் வாங்கிய நூல்கள் திறக்குமா? நிறுவனம் விற்கப்பட்டால் பொறுப்பு யாருக்குப் போகும்? தளம் மூடப்பட்டால் கோப்புகள் நூலகத்திடம் ஒப்படைக்கப்படுமா? போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற பாதுகாப்புக் காப்பகங்களில் அந்தத் தலைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளனவா? சந்தா என்றால், ஆண்டின் நடுவே நூல்கள் நீக்கப்பட்டால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறிப்பிட்ட விழுக்காட்டுக்குமேல் நீக்கினால் பணம் திரும்பக் கிடைக்குமா, புதுப்பிக்கும்போது விலையேற்றத்துக்கு உச்சவரம்பு உண்டா என்பவை கேட்கப்பட வேண்டும்.

வகுப்புப் பயன்பாடு பற்றிய பிரிவு பலர் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. வகுப்புக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது, கற்பித்தலின் போக்கில் செய்யப்படும்வரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவின்கீழ் அனுமதிக்கப்படும் என்று 2016இல் டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. சட்டம் தரும் இத்தகைய உரிமையை ஒப்பந்தம் சுருக்கிவிடாமல் இருக்க, "இந்தியச் சட்டம் அனுமதிக்கும் பயன்பாடுகளை இந்த ஒப்பந்தம் எவ்வகையிலும் குறைக்காது" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். தகராறு ஏற்பட்டால் எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்ற பிரிவில் லண்டனோ நியூயார்க்கோ இருந்தால் அதையும் மாற்றக் கேட்கலாம். கேட்டால் மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு. வாசகர்களின் தேடல் விவரங்களை நிறுவனம் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் கொடுங்கள்.

படி 5: சோதனைக் காலத்தைச் சோதனையாகவே நடத்துதல்

இலவசச் சோதனைக் காலம் பெரும்பாலும் 30 நாட்கள். இதை ஓர் அறிவிப்பு மட்டும் ஒட்டி வீணாக்காமல், இரண்டாம் படியில் தயாரித்த விரிதாளிலிருந்து ஐம்பது தலைப்புகளை எடுத்து ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். எத்தனை கிடைக்கின்றன, கிடைப்பது பாடத்திட்டம் கேட்கும் பதிப்பா அல்லது அதற்கு இரண்டு பதிப்புகள் முந்தியதா என்று குறியுங்கள். பிறகு வளாகத்துக்கு வெளியே, விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். நூலகக் கணினியில் அழகாகத் திறக்கும் தளம் கைபேசியில் ஒரு பக்கத்தைக் காட்ட மூன்று முறை உள்நுழையச் சொல்வது அபூர்வமன்று.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரைச் சோதனையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். திரைவாசிப்பு மென்பொருள் பக்கத்தைப் படிக்கிறதா, அட்டவணைகளும் படங்களும் விளக்கத்தோடு வருகின்றனவா என்பதை அவரே சொல்ல முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. அச்சு வாசிப்புக் குறைபாடுள்ளோருக்கான 2013 மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. பதிப்பகத்தின் பதிப்பு பயன்படாத இடத்தில், 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகத்தில் தேடுங்கள்.

படி 6: கொள்முதல் கோப்பும் தணிக்கையும்

நூலகக் குழுவின் தீர்மானம், துறைகளின் கோரிக்கை, சோதனைக் கால அறிக்கை, ஒப்பந்த வரைவு, விலைப்பட்டியல் ஆகிய ஐந்தும் கோப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே பதிப்பகம் மட்டுமே தரக்கூடிய தொகுப்புக்கு ஒப்பீட்டுக் கொட்டேஷன் கேட்பது பொருளற்றது. அத்தகைய நிலையில் மத்திய நிறுவனங்கள் 2017 பொது நிதி விதிகளின் 166ஆம் விதிப்படி தனியுடைமைப் பொருள் சான்றிதழை இணைக்கின்றன. தமிழ்நாட்டு நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தையும் தம் நிதி விதிகளையும் பார்க்க வேண்டும். அதே நூல்களை வேறு முகவர்களும் விற்றால் ஒப்பீடு அவசியம்.

வரி விஷயத்தில் பலர் கணக்குத் தவறுகிறது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு 2018 ஜூலை 27 முதல் 5 விழுக்காடு என்று குறைக்கப்பட்டது, அச்சுப் பதிப்பு இல்லாதவற்றுக்கு 18 விழுக்காடு நீடித்தது. நடப்பு விகிதத்தையும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பும்போது பல்கலைக்கழகமே கட்ட வேண்டிய வரியையும் நிதி அலுவலரிடம் உறுதிசெய்துகொண்டு, அந்தத் தொகையையும் சேர்த்தே ஒப்புதல் பெறுங்கள்.

நிரந்தரமாக வாங்கிய மின்னூல்களுக்குத் தனி அக்செஷன் ரெஜிஸ்டர் (நூல் வரவுப் பதிவேடு) வேண்டும். சந்தா நூல்களை அதில் ஏற்றவே கூடாது. பொது நிதி விதிகளின் 215ஆம் விதி நூல்களின் நேரடிச் சரிபார்ப்பை வலியுறுத்துகிறது. அலமாரியில் இல்லாத நூலை எப்படிச் சரிபார்ப்பது என்று தணிக்கையாளர் கேட்பார். தலைப்பு, மின்பதிப்பு ஐஎஸ்பிஎன், நிலையான இணைப்பு, உரிமத்தின் தன்மை, விலைப்பட்டி எண் ஆகியவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் திறந்து பார்த்த அறிக்கையையும் வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை தயார்.

படி 7: நூற்பட்டியலில் ஏற்றுதல்

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்கள், பதிப்பகம் தரும் மார்க் பதிவுகளை (கணினி படிக்கும் நூற்பட்டியல் குறிப்புகளை) நேரே ஏற்றிவிடாமல் முதலில் மார்க்எடிட் போன்ற கருவியில் திறந்து பார்க்க வேண்டும். பதிவில் இணைய இணைப்பு இடம்பெறும் 856 என்ற புலத்தில், அந்த இணைப்புக்கு முன்னால் உங்கள் ப்ராக்ஸி (வெளியிலிருக்கும் வாசகரை வளாகத்தின் வழியே தளத்துக்கு அனுப்பும் இடைச் சேவை) முகவரியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் பேக்கேஜின் பெயரும் ஆண்டும் கொண்ட ஓர் உள்ளூர்க் குறியீட்டை இடுங்கள். சந்தா முடியும் நாளில் அந்தக் குறியீட்டைத் தேடி ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே தவணையில் நீக்க இது ஒன்றுதான் வழி. இதைச் செய்யாத நூலகங்களின் ஓபேக்கில் (இணைய நூற்பட்டியலில்), எப்போதோ நின்றுபோன சந்தாவின் இணைப்புகள் இன்னும் வாசகர்களை வெற்றுப் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

படி 8: வளாகத்துக்கு வெளியே திறக்கச் செய்தல்

வளாக இணைய இணைப்பின் அடையாள எண்ணைப் பார்த்துத் தளம் திறக்கும் ஐபி முகவரி வழி அணுகல், வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யும். வெளியிலிருந்து திறக்க ஈஸிப்ராக்ஸி போன்ற ப்ராக்ஸி சேவையோ, இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பின் வழியான ஒற்றை உள்நுழைவோ தேவை. எதைத் தேர்ந்தாலும் மாணவர் சேர்க்கைப் பட்டியலோடு கணக்குகளை இணைத்துவிடுங்கள். படிப்பை முடித்தவரின் கணக்கு தானாக மூட வேண்டும். வளாகக் கணினி மையம் இணைய இணைப்பு நிறுவனத்தை மாற்றினால் ஐபி முகவரிகளும் மாறும், அன்றே எல்லாத் தளங்களும் மூடிக்கொள்ளும்; மாற்றத்துக்கு முன் நூலகத்துக்குத் தகவல் வர வேண்டும் என்ற ஏற்பாட்டை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். ஒருவர் மென்பொருளைக் கொண்டு நூல்களை மொத்தமாகப் பதிவிறக்கினால் பதிப்பகம் வளாகம் முழுவதையும் தடுக்கக்கூடும் என்பதை ஆய்வு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 9: வாசகரிடம் கொண்டுசேர்த்தல்

நூலக இணையதளத்தில் பதிப்பகச் சின்னங்களை வரிசையாக வைப்பதால் யாரும் படிக்க வருவதில்லை. பாடக் குறியீட்டுக்கு உரிய ஐந்தாறு நூல்களின் நிலையான இணைப்புகளை அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அனுப்பி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவரே பகிரச் செய்யுங்கள். அச்சுப் படியின் உள்ளட்டையில் மின்பதிப்பின் க்யூஆர் குறியை ஒட்டுவதும் நன்கு வேலை செய்கிறது.

படி 10: பயன்பாட்டை அளந்து புதுப்பித்தல்

மின்வளப் பயன்பாட்டை ஒரே முறையில் எண்ணுவதற்கான பன்னாட்டு விதிமுறையான கவுண்டரின் 5ஆம் அல்லது 5.1ஆம் பதிப்புப்படி தளம் அறிக்கை தருகிறதா என்பதை வாங்கும்போதே உறுதிசெய்திருக்க வேண்டும். டிஆர்_பி1 அறிக்கை எந்த நூல் எவ்வளவு பயன்பட்டது என்று காட்டும். டிஆர்_பி2, பயனர் வரம்பினாலோ உரிமம் இல்லாததாலோ திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் காட்டும். முதலாவதில் மொத்த உருப்படிக் கோரிக்கை என்ற எண்ணைக் கொண்டு தளங்களை ஒப்பிட்டுவிடாதீர்கள். அத்தியாயம் அத்தியாயமாகக் கோப்பு தரும் தளத்தில், ஒருவர் ஒரே அமர்வில் பத்து அத்தியாயங்களை எடுத்தால் பத்து என்று பதிவாகும். முழு நூலையும் ஒரே கோப்பாகத் தரும் தளத்தில், 5ஆம் பதிப்பின்படி, ஒன்று என்று பதிவாகும். தனித்தலைப்புக் கோரிக்கை என்ற எண்ணில் இரண்டுமே ஒன்றாகத்தான் கணக்காகும். ஒப்பீட்டுக்கு அதையே எடுங்கள்.

ஆண்டுக் கட்டணத்தைத் தனித்தலைப்புக் கோரிக்கைகளால் வகுத்தால் ஒரு பயன்பாட்டின் செலவு கிடைக்கும். எனினும் இந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு சிறு துறையின் தொகுப்பை நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. கல்வெட்டியல் மாணவர்கள் எட்டுப் பேர் என்றால் பயன்பாடு குறைவாகத்தான் இருக்கும். டிஆர்_பி2இல் ஒரே நூல் மீண்டும் மீண்டும் தென்பட்டால், அதற்குப் பயனர் வரம்பைக் கூட்டுவது முழுப் பேக்கேஜையும் பெரிதாக்குவதைவிட மலிவு. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு மின்வளச் சந்தா, நூல்களுக்கும் மின்னூல்களுக்குமான ஆண்டுச் செலவு, அன்றாடப் பயன்பாடு ஆகியவற்றைக் கேட்டுவந்திருப்பதால், இந்த அறிக்கைகளை மாதந்தோறும் பதிவிறக்கிச் சேமித்துவைப்பது நல்லது. தளம் மாறினால் பழைய புள்ளிவிவரம் அங்கே இருக்காது.

புதுப்பிப்பு முடிவை ஒப்பந்தத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. வேண்டாம் என்பதை அறுபது நாளோ தொண்ணூறு நாளோ முன்பே தெரிவிக்காவிட்டால் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக நூலகக் குழுவைக் கூட்டி, பயன்பாட்டு அறிக்கையையும் இரண்டாம் படியின் விரிதாளின் புதிய பதிப்பையும் அருகருகே வையுங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் விரிதாளும் மாறியிருக்கும். நிறுத்துவதென முடிவானால், பதிவுகளை நீக்கும் நாளையும், அந்தத் தொகுப்பிலிருந்து நிரந்தரமாக வாங்க வேண்டிய தலைப்புகளையும் அதே கூட்டத்தில் தீர்மானித்து, பாதிக்கப்படும் பாட ஆசிரியர்களுக்குப் பருவம் தொடங்கும் முன்பே கடிதம் அனுப்பிவிடுங்கள்.